மூன்றாவது கொடி

ஒன்பதாம் ஆண்டில் என்னோடு படித்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முப்பது வயதுக்குள்ளேயே ஒருத்திக்கு முழங்கால் நோகிறது, ஒருத்திக்கு நெற்றியோரம் நரைக்கிறது, எல்லோருக்கும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் பகிடி விடுகிறோம். போன கிழமை அந்தப் பகிடிகளுக்கு நடுவே ஒருத்தி ஒரு பழைய படத்தைப் போட்டாள். துறைமுக வீதிக்கு மேலே இருக்கும் குன்றின் அடிவாரம். சப்பாத்தெல்லாம் செம்மண்ணாக நான் நிற்கிறேன். கையில் ஒரு சின்ன வெற்றிக் கிண்ணம். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"எங்கட ஓட்ட ராணி" என்று ஒருத்தி எழுதினாள். "அது சரி, கொடியைக் கண்டு விறைச்சு நிண்ட சம்பூர்ப் பிள்ளை எங்க இப்ப?" என்று இன்னொருத்தி. "காலை வைக்காத!" என்று மூன்றாமவள். அதன் கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள். அதில் ஒன்று என்னுடையது. மகளின் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே ஒரு விரலால் தட்டிவிட்டேன்.

பின்னேரம்தான் மேலே போய்ப் பார்த்தேன். குழுவை நடத்துபவள் காலையிலேயே ஒரு புதிய இலக்கத்தைச் சேர்த்து, "ஆரெண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்று எழுதியிருந்தாள். நாங்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் படம், பகிடி, சிரிப்பு. எல்லாவற்றுக்கும் கீழே, அந்த இலக்கம் குழுவை விட்டு வெளியேறியது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அது அந்தச் சம்பூர்ப் பிள்ளைதான் என்று தெரிந்ததும் "ஐயோ, எங்களுக்குத் தெரியாதே" என்று எல்லோரும் எழுதினீர்கள். நானும் எழுதினேன்.

உங்களுக்குத் தெரியாதது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை நான்தான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கும் நாங்கள் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. 'சம்பூர்ப் பிள்ளை' என்றோம். வரைபட ஓட்டத்தில் அவள் எனக்குச் சோடியாக ஓடினவள். ஆகவே என் சோடி என்று எழுதுகிறேன். அப்படிச் சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் அது. மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசும் மாதங்கள். வகுப்பறை ஜன்னலால் சூடும் தூசியும் வந்துகொண்டிருக்கும். அந்தப் பள்ளித் தவணையில்தான் புதிய விளையாட்டு ரீச்சர் வந்தார். மலையகத்தில் அட்டன் பக்கத்துக்காரர். 'பிள்ளைங்களா' என்று அவர் கூப்பிடுவதை நாங்கள் இடைவேளையில் நடித்துக் காட்டிச் சிரித்தது நினைவிருக்கும். வலைப்பந்தும் நூறு மீற்றரும் தவிர விளையாட்டு என்றால் என்னவென்று தெரியாத எங்களுக்கு அவர் பலகையில் 'ஓரியன்டீரிங்' என்று எழுதினார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. வரைபட ஓட்டம் என்றே சொன்னோம்.

கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் தருவார்கள். காட்டிலும் மேட்டிலும் ஆறு இடங்களில் கொடி கட்டியிருக்கும். வரிசைப்படி ஒவ்வொரு கொடியையும் தேடிப் போய், அங்கே தொங்கும் துளைக் கருவியால் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். கெதியாக முடிக்கும் சோடிதான் வெல்லும். "ஓடத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, யோசிக்கவும் தெரியணும்" என்று ரீச்சர் சொன்னார். எனக்கு அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. ஓட்டத்தில் நான் எப்போதும் கடைசிக்கு முந்தினவள். யோசிப்பதில் பயமில்லை. பயந்த பிள்ளைகள் நன்றாக யோசிப்பார்கள்.

அம்மா முதலில் விடவில்லை. "வெயிலில கறுத்துக் கருவாடாப் போவாய். பொம்பிளப் பிள்ளைக்குப் பத்தைக்குள்ள என்ன ஓட்டம்?" என்றார். மாவட்டக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த அப்பா பத்திரிகையில் இருந்து தலையை எடுக்காமல், "சான்றிதழ் குடுப்பினமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப போகட்டும். பிறகு உதவும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளே அம்மா எனக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கித் தந்தார். இப்போது என் மகள் எதையாவது கேட்கும்போது, அதனால் என்ன கிடைக்கும் என்றுதான் என் மனமும் முதலில் கணக்குப் பார்க்கிறது. பிறகு வெட்கப்படுகிறேன். ஆனால் முதலில் பார்க்கத்தான் செய்கிறது.

என் சோடியை எனக்குச் சேர்த்துவிட்டவர் ரீச்சர். அவள் எங்களை விட ஒரு வயது மூத்தவள். இடம்பெயர்ந்து ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகாததால் எங்கள் வகுப்பில் இருந்தாள். தகப்பனும் தாயும் கிளிவெட்டி முகாமில். அவள் மட்டும் படிப்பதற்காகப் பாலையூற்றில் சின்னம்மா வீட்டில் நின்று பஸ்சில் வந்து போனாள். சப்பாத்து இருந்தது, ஆனால் ஓடும்போது அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வாள். ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவாள். ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்குக் கால் தானாகப் போகும்.

"உனக்குக் கண்ணு, அவளுக்குக் காலு. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள்" என்றார் ரீச்சர்.

"அப்ப மூக்கு ஆருக்கு ரீச்சர்?" என்று அவள் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் அவ்வளவு பகிடி விடுவாள் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி நடக்கும். அங்கே கொடி கிடையாது. இலக்கம் ஒட்டிய கதிரைகளும் வாளிகளும்தான். பிறகு சனிக்கிழமைகளில் அந்தக் குன்றுக்குப் போனோம். ரீச்சர் கையால் வரைந்து நகல் எடுத்த வரைபடம் வியர்வையில் ஊறி, மையெல்லாம் என் உள்ளங்கையில் ஒட்டும். திசைகாட்டி பள்ளிக்கூடத்துக்கே இரண்டுதான். எங்களுடையதன் மூடி வெடித்திருந்தது, ஊசி சில நேரம் இறுகி நின்றுவிடும். அப்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "கச்சான் மூக்கில நேரா அடிக்குது. இதுதான் மேற்கு. நீ உன்ர ஊசியைத் தட்டு" என்பாள். தட்டினால் ஊசியும் அதையே சொல்லும்.

குன்றின் மேலே நின்றால் கொட்டியாரக் குடா முழுவதும் தெரியும். கப்பல்கள், மீன்பிடி வள்ளங்கள், அதற்கும் அப்பால் ஒரு கறுப்புக் கோடாகச் சம்பூர்க் கரை. முதல் நாள் அவள் அதைக் காட்டி, "அந்தா எங்கட வீடு" என்றாள். நான் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தேன். வீடு ஒன்றும் தெரியவில்லை. "எங்க?" என்றேன். "நானும் காணேல்ல. ஆனா அங்கதான்" என்றாள். பாதுகாப்பு வலயம் என்று அப்போது அங்கே போக ஒருவருக்கும் அனுமதி இல்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுபோன பணிஸைப் பிய்த்து, பெரிய துண்டை எனக்கு வைத்துக்கொண்டேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தெரிவுப் போட்டிக்கு மூன்று சோடிகள். வெல்லும் சோடி மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிக்கு நுவரெலியா போகும். எங்களில் ஒருவரும் நுவரெலியா பார்த்ததில்லை. பயிற்சி முடிந்து வரும்போது அவள் அதையே கதைத்துக்கொண்டு வருவாள். "அங்க வாயைத் திறந்தா புகை வருமாம். மெய்யே?" வென்று போய் அந்தப் புகையை ஒரு படமாவது எடுத்து முகாமில் இருக்கும் தம்பிக்குக் காட்ட வேண்டும் என்பாள். எனக்கும் போக ஆசை. அதை விடப் பெரிய ஆசை, ஒரே ஒரு தடவை முதலாவதாக வருவது.

அன்று காலை எட்டு மணிக்கு அடிவாரத்தில் கூடினோம். ரீச்சர் விடிய முன்னமே வந்து கொடிகளைக் கட்டிவிட்டிருந்தார். கதிரையும் வாளியும் இல்லை, உண்மையான கொடிகள். தானே தைத்ததாம். மிச்சமான ஒன்றைத் தூக்கிக் காட்டினார். சதுரத் துணி, குறுக்காக ஒரு பாதி வெள்ளை, மறு பாதி சிவப்பு. "செம்மஞ்சள்தான் போடணும். கடையில கிடைக்கலை பிள்ளைங்களா, அதான் சிவப்பு. மரம் இல்லாத எடத்துல தடி நட்டு, நுனிக்குச் சிவப்பு மையும் பூசி வச்சிருக்கேன், நல்லாத் தெரியும்" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

வழக்கம்போலச் சோடிக்கு ஒரு விசில் தந்தார். "வழி தவறினா, காயம் பட்டா, நின்ன எடத்துலயே நில்லுங்க. மூணு தடவை ஊதுங்க. நான் வருவேன். சோடியை விட்டுப் பிரியக் கூடாது."

இதெல்லாம் சொல்லும்போது என் சோடி அங்கே இல்லை. பாலையூற்று பஸ் பிந்திவிட்டது. எங்களுடைய முறை வரும்போதுதான் ஓடி வந்து சேர்ந்தாள். "என்ன சொன்னவ?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். "கொடி புதுசு. வேற ஒண்டுமில்ல, வா" என்றேன். நிறத்தைச் சொன்னேனா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

முதலாவது கொடி வீதியோர மதிலில். இரண்டாவது, ஒற்றையடிப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு விளாமரத்தில். அதைக் கண்டதும் அவள் ஓட்டத்தைக் குறைத்தாள். "ஏன் இந்த நிறம்?" என்றாள். "நிறத்துக்கு என்ன? வா" என்று நான்தான் போய் ஓட்டை போட்டேன். மூன்றாவதற்குப் பாதையை விட்டு இறங்கிப் பற்றைக்குள் போக வேண்டும். காரைப் பற்றைகளைத் தாண்டியதும் சின்ன வெளி. அதன் அடுத்த ஓரத்தில், பற்றையை ஒட்டி முழங்கால் உயரத் தடி. நுனியில் சிவப்பு மை. தடியில் அந்தத் துணி.

என் பின்னல் பிடித்து இழுபட்டது. தலை பின்னால் போனது.

"அசையாத" என்றாள். அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. "கால் வைக்காத. வந்த காலடியிலயே திரும்பு."

"விசரா உனக்கு? அது கொடி!"

"சிவப்பும் வெள்ளையும் தடியும். முகாமில படம் போட்டுக் காட்டினவை. கண்டா நில்லு, தொடாத, பெரியாக்களைக் கூப்பிடு எண்டு. மிதிவெடி இருக்கிற இடத்திலதான் இப்பிடி நடுவினம்."

"ரீச்சர் நட்டது. நான் கொடியைப் பாத்தனான்."

"ரீச்சர் நட்டதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? நீ நடேக்க பாத்தனியா?"

எனக்கு அது விளங்கவில்லை என்று சொல்ல ஏலாது. அதே படத்தை எங்கள் பள்ளிக்கூடத்திலும் போட்டுக் காட்டினார்கள். மண்டையோடு, சிவப்புத் தடி, எல்லாம். எங்களுக்கு அது ஒரு கணித பாடம் தப்பின நாள், அவ்வளவுதான். அவளுக்கு அது தாய் தகப்பன் விறகு பொறுக்கப் போகும் பாதை. எனக்கு அப்போதே எல்லாம் விளங்கியது. நான் செய்ய வேண்டியதும் தெரியும். விசிலை எடுத்து மூன்று தடவை ஊதியிருந்தால் ரீச்சர் வந்திருப்பார். பத்து நிமிடம் போயிருக்கும்.

அப்போது கீழே பாதையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்களுக்குப் பின்னால் புறப்பட்ட சோடி வந்துகொண்டிருந்தது.

நான் குரலைத் தணித்துக்கொண்டேன். "ஓம், நீ சொல்லுறது சரிதான். இது ஆபத்தான இடந்தான் போல. நீ இதிலயே நில்லு. ஒரு அடியும் வைக்காத. நான் வந்த காலடியில போய்ப் பெரியாக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவள் உடனே என் பின்னலை விட்டாள். "மெல்லமாப் போ. மண்ணைப் பாத்துப் பாத்துப் போ" என்றாள்.

அவளுக்குத் தெரிய நான்கு அடி பின்னால் வைத்தேன். பிறகு பற்றையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கத்தால் போய், அவள் என்னைக் காணாதபடி பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்து, காற்றில் அசைவது போலக் கொடியை என் பக்கம் இழுத்து ஓட்டை போட்டேன். துளைக் கருவி 'டிக்' என்றது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. என்னை அங்கேயே கட்டிவைக்கக் கூடிய ஒன்றை அவளிடம் விட்டுவிட்டு ஓடினது போல இருந்தது என்று எழுத வந்தேன். அது அழகுக்காக எழுதுவது. உண்மை என்னவென்றால், ஓடும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

முடிவிடத்தில் ரீச்சர், "சோடி எங்கம்மா?" என்றார்.

"அவ பயந்திட்டா ரீச்சர். ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வீட்டை போட்டா."

"தனியாவா?"

"ஓம் ரீச்சர். பஸ்சுக்குப் போறன் எண்டவ."

ரீச்சர் குன்றைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் கிண்ணம் கொடுக்க வந்திருந்த பெரியவர் இன்னொரு விழாவுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். "பிள்ளை தனிய நிண்டு முடிச்சிருக்கு. இதல்லோ தைரியம்" என்று என் தலையில் கையை வைத்தார். அவர் விலகிப் போனதும் எடுத்ததுதான் நீங்கள் போட்ட படம். என் மேற்சட்டைப் பை கொஞ்சம் புடைத்திருப்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது விசில்.

வீட்டுக்குப் போனேன். அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவள் எப்படியும் போயிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கக்கூட இல்லை. நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

எங்களுக்குப் பின்னால் வந்த சோடி பற்றைக்குள் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு, மூன்றாவது கொடியைக் காணாமலே திரும்பியிருந்தது. மதியச் சாப்பாடு முடியட்டும் என்று ரீச்சர் கொடிகளைக் கழற்றப் போனது பின்னேரம் இரண்டு மணி தாண்டி. மூன்றாவது கொடிக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாளாம். விட்ட இடத்தில், விட்ட அடியில். சட்டை நனைந்திருந்ததாம். ரீச்சரைக் கண்டதும் கிட்ட வராதீர்கள் என்று கத்தினாளாம். ரீச்சர் தடியைப் பிடுங்கிக் காட்டியபோது காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்தாளாம்.

திங்கட்கிழமை அதிபரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு கதிரையின் நுனியில் இருந்தாள். மூக்கின் தோல் உரிந்து, உதடு வெடித்திருந்தது. நான் உள்ளே போனதும் சட்டென்று எழும்பி நின்றாள். முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. கோபம் என்று நினைத்து நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பெரியாக்களைக் கூட்டிக்கொண்டு வாறன், அசையாத எண்டு நீ சொன்னதா இந்தப் பிள்ளை சொல்லுது" என்றார் அதிபர். "சொன்னனியோ?"

"இல்லை. நான் வா வா எண்டு கூப்பிட்டனான். அவதான் வரேல்ல."

அதிபர் ரீச்சரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "முகாமில இருந்து வந்த பிள்ளையள். மனம் ஒரு நிலையில நிக்காது. இதுகளைப் பத்தைக்குள்ள விட்டது எங்கட பிழை" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரக்கத்தோடுதான் சொன்னார். கச்சேரி உத்தியோகத்தரின் மகள் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. என் சோடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். அவளை விளையாட்டில் இருந்து நிறுத்தினார்கள். மாணவத் தலைவிகளின் கழுத்துப் பட்டியில் சிவப்பும் வெள்ளையும் இருந்ததல்லவா? அவர்கள் வந்தால் யாராவது "காலை வைக்காத!" என்று கத்துவோம். அவளுக்குத் தெரியும் அது பகிடி என்று. ஆனாலும் ஒவ்வொரு தரமும் ஒரு நொடி அவளுடைய கால் நின்றுவிடும். நாங்கள் அதைப் பார்க்கத்தான் கத்தினோம். முதல் தரம் கத்தியது நீங்கள் நினைப்பவள் இல்லை. நான். தவணை முடிய அவளுடைய தகப்பன் வந்து விடுகைப் பத்திரம் எடுத்து, அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் எங்கள் எல்லோருக்கும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் ஆசிரியர் அறைக்குக் கொப்பிகள் கொண்டுபோனபோது, ரீச்சர் தனியே இருந்து அந்தக் கொடிகளின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். "எனக்கு ஒருத்தரும் சொல்லலையே. எங்க ஊர்ல இதெல்லாம் இல்லை" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உனக்குத் தெரியுமாம்மா, இந்த நிறம் என்னன்னு?" என்று கேட்டார். கண் சிவந்திருந்தது.

"தெரியாது ரீச்சர்" என்றேன்.

நுவரெலியாவுக்கு மேலதிகமாக இருந்த ஒருத்தியோடு போனேன். மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றிச் சத்தி எடுத்தேன். அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஊசி இறுகி நின்றது. கடைசியாக வந்தோம். வாயைத் திறந்தபோது புகை வந்தது. அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வாயை மூடிக்கொண்டேன். தெரிவுப் போட்டியின் சான்றிதழ் இன்றைக்கும் அம்மா வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. விசிலை எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று தெரியாது.

இத்தனை வருடம் சொல்லாததை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அவள் குழுவை விட்டுப் போனது ஒன்று. மற்றது, அதே கிழமை என் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மைதானத்தில் வரைபட விளையாட்டாம். சோடி சோடியாக ஓட வேண்டுமாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, வெயில், பாம்பு என்று நான் மூன்று நாள் அதை அலுமாரியில் வைத்திருந்தேன். நான்காம் நாள் காலை சப்பாத்துக்கு நாடா கட்டும்போது அவள் கேட்டாள்.

"அம்மா, என்ர சோடி நல்லா மெல்லமாத்தான் ஓடுவா. நான் அவவ விட்டிட்டு ஓடினா வெல்லலாந்தானே?"

நாடாவை இறுக்கிக் கட்டி, அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தேன். வந்து, வெளியேறிய அந்த இலக்கத்தைத் தேடி எடுத்தேன். எழுதலாமா, அழைக்கலாமா, அழைத்தால் அது அவளுக்கு இன்னொரு கரைச்சலா, என் மனப் பாரத்தை இறக்கத்தான் அழைக்கிறேனா என்று குசினிக்கும் வாசலுக்கும் நடந்துவிட்டு, கடைசியில் அழைத்தேன். ஆர் என்று சொன்னேன். பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது. அவர்கள் சம்பூருக்குத் திரும்பி வந்துவிட்டார்களாம்.

மன்னிப்புக் கேட்பதற்கு நான் எழுதி வைத்திருந்த வசனங்களைச் சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள். கோபம் இல்லாத குரல். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"விசில் உன்னட்டத்தானே இருந்தது?"

"ஓம்."

"அதைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான். நீ பாதைக்குப் போய்ச் சேந்தோன ஊதுவாய் எண்டு. வெடிச்ச சத்தமும் கேக்கேல்ல, விசிலும் கேக்கேல்ல. எங்கயோ மிதிச்சிட்டுக் காலை எடுக்க ஏலாம நிக்கிறாய் எண்டு நினைச்சன். வந்து பாக்கவும் பயம். விட்டிட்டுப் போகவும் மனமில்ல. உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"திங்கக்கிழமை நீ அந்த அறைக்குள்ள வரேக்க ரெண்டு காலையும் பாத்தன். அப்பாடா எண்டு இருந்தது. எழும்பிட்டன். பிறகுதான் நீ வாயைத் திறந்தாய்."

குழுவில் திரும்பச் சேர்க்கச் சொல்லவா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். "அவையளுக்கு நீயே சொல்லு" என்றாள். கோழிக்குத் தீன் போட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

மகளின் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தால் வந்ததும், "காலமை கேட்டியே, அதுக்கு இப்ப சொல்லுறன். இல்லை. விட்டிட்டு ஓடக் கூடாது" என்றேன்.

"ஏன்?" என்றாள்.

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல முதல், உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.